பத்தொன்பது சின்னக் கோடுகள்

மைனஸ் சிஸ்டர் என்று அவருக்குப் பெயர் வைத்தவன் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேறு யாராவது சொல்லி நீங்கள் தெரிந்துகொண்டால் எனக்கு இன்னும் கேவலம்.

அவர் ஒரு பெரிய பொது மருத்துவமனையில் ஆண்கள் வார்டுக்குப் பொறுப்பு நர்ஸ். வயது நாற்பத்தாறு. வீட்டுக்காரர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். மகள் கல்லூரியில் கடைசி வருடம்; "அம்மா, நம்ம ரெண்டு பேர்ல யாரு முதல்ல பட்டம் வாங்குறோம்னு பாப்போமா?" என்று தினமும் வம்புக்கு இழுப்பாளாம். சிஸ்டர் வேலையில் இருந்துகொண்டே முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்து ஒன்பது வருடம் ஆகியிருந்தது. இரண்டு முறை நீட்டிப்பு வாங்கியாகிவிட்டது. மூன்றாவது முறை கேட்டபோது, "வேலை நடக்குதுன்னு யாராவது எழுதிக் கொடுக்கட்டும், பார்க்கலாம்" என்று பல்கலைக்கழகத்தில் சொல்லிவிட்டார்கள். அந்தக் காகிதம் இல்லையென்றால் பதிவு ரத்து, ஒன்பது வருட உழைப்பும் போச்சு. அதற்காகத்தான் சேர்த்து வைத்திருந்த விடுப்பையெல்லாம் போட்டுவிட்டு எழுத்து முகாமுக்கு வந்தார்.

நான் எதற்கு வந்தேன்? தனியார் கல்லூரி ஒன்றில் தற்காலிக விரிவுரையாளர். பொருளாதாரம். ஆய்வேட்டில் எனக்கு அது ஆறாவது வருடம். வீட்டில் எழுத முடியவில்லை என்று மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தேன், அவளும் பாவம் நம்பிக்கொண்டிருந்தாள். வீடு இல்லாத இடத்திலாவது எழுத வருகிறதா என்று பார்க்க வந்தேன். வரவில்லை.

எழுத்து முகாம் என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. ஆய்வேட்டை முடிக்காமல் இழுத்தடிக்கும் பன்னிரண்டு பேரை ஒரு பயிற்சி நிலையத்தில் ஆறு நாள் அடைத்துப் போடுவார்கள். ஒரு நீளமான அறை, ஆறு மேஜை, மேஜைக்கு இரண்டு பேர் எதிரெதிரே. காலையில் செல்போனைக் கூடையில் போட்டுவிட வேண்டும். ஒன்றரை மணி நேரம் எழுத்து, அரை மணி நேரம் டீ, மறுபடியும் எழுத்து. ஒவ்வொரு அமர்வுக்கும் முன்னால் எதிரே இருக்கும் ஜோடியிடம், இன்னதை எழுதப்போகிறேன் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். முடிந்ததும் வெள்ளைப் பலகையில் நம் பெயருக்கு நேரே எத்தனை சொல் எழுதினோம் என்று போட வேண்டும். யாரும் சரிபார்க்க மாட்டார்கள். படித்தவர்கள், பொய் சொல்ல மாட்டார்கள் என்று ஒரு நம்பிக்கை.

நடத்தியவர் ஓய்வுபெற்ற பேராசிரியை. மேஜை மணியைத் தட்டி ஆரம்பிப்பார், தட்டி முடிப்பார். அவருக்கு மணி மேடம் என்று பெயர். அதுவும் நான் வைத்ததுதான். எழுத வராதவனுக்கு இதெல்லாம் நன்றாக வரும்.

முதல் அமர்வில் நான் தலைப்பின் எழுத்துருவை மூன்று முறை மாற்றினேன். பக்க எண்ணை நடுவிலிருந்து ஓரத்துக்குக் கொண்டுபோனேன், அங்கே பிடிக்கவில்லை, திரும்ப நடுவுக்கே கொண்டுவந்தேன். மணி அடித்தது. பலகைக்கு முன்னால் வரிசை. எனக்கு முன்னால் நின்ற தாவரவியல்காரர் 640 என்று போட்டார். அவருக்கு முன்னால் 710. என் முறை வந்தது. மார்க்கரை வாங்கினேன். பூஜ்யம் போடத்தான் கையைத் தூக்கினேன் என்று இப்போதும் சத்தியம் செய்யத் தயார். ஆனால் பலகையில் விழுந்தது 1,050.

"அடேயப்பா!" என்றார் மணி மேடம். கைதட்டினார்கள். எனக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று.

எனக்கு அடுத்து வந்தவர் சிஸ்டர். என் ஜோடி அவர்தான். உட்காரும் முன் சொந்தத் துணியால் மேஜையைத் துடைத்தவர். சட்டைப்பையில் மூன்று நிறத்தில் பேனா. ரப்பர் செருப்பில் சத்தமே வராமல் நடந்து போய், பலகையில் தன் பெயருக்கு நேரே ஒரு சின்னக் கோடு போட்டு, அதற்குப் பக்கத்தில் 180 என்று எழுதினார்.

"என்னங்க இது?" என்றார் மணி மேடம்.

"மைனஸ் மேடம். நூத்தி எண்பது சொல் எடுத்துட்டேன்."

"அப்ப பூஜ்யம்னு போட்டா போதுமே."

"பூஜ்யம் இல்லையே மேடம். மைனஸ்தானே?"

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார், ஆனால் கோட்டை அழிக்கவில்லை. டீ குடிக்கும்போது தாவரவியல்காரரின் காதில் நான் அந்தப் பெயரைச் சொன்னேன். மத்தியானத்துக்குள் அறை முழுவதும் பரவிவிட்டது. என்னை ஆயிரம் சார் என்றார்கள். அதை நான் வைக்கவில்லை, அவர்களாகவே வைத்தார்கள். கேட்க இனிமையாக இருந்தது.

ஆயிரம் என்று ஆன பிறகு எண்ணூறுக்கு இறங்க முடியுமா? அடுத்த அமர்வில் 1,200. அதற்கடுத்து 1,180, கொஞ்சம் குறைத்தால் உண்மை போல இருக்கும் என்று ஒரு கணக்கு. எதிரே சிஸ்டர் இருக்கிறாரே, விசைப்பலகைச் சத்தமாவது கேட்க வேண்டுமே என்று எதையாவது தட்டிக்கொண்டே இருந்தேன். சுவரில் ஒட்டியிருந்த முகாம் விதிகளைத் தட்டினேன். மாமியார் வீட்டு முகவரியைப் பின்கோடோடு நாற்பது தடவை தட்டினேன். சாயங்காலம் எல்லாவற்றையும் அழித்துவிடுவேன். இடையில் இரண்டாம் நாள் எப்படியோ ஒரு பத்தி தானாக வந்தது, அதை மட்டும் வைத்துக்கொண்டேன்.

சிஸ்டர் வேலை செய்யும் விதமே வேறு. இடது பக்கம் நாற்பத்தொரு நர்ஸுகளிடம் எடுத்த பேட்டிகளின் கட்டு. வலது பக்கம் ஆய்வேடு. ஒவ்வொரு வரியாகப் படிப்பார். அந்த வரிக்குக் கட்டில் ஆதாரம் இருந்தால் பச்சைப் பேனாவால் ஒரு டிக். தேடிக் கிடைக்கவில்லையென்றால் வரியை எடுத்துவிடுவார். நல்ல வரியாக இருந்தாலும் தயவு தாட்சண்யம் கிடையாது. எடுத்துவிட்டு ஒரு பெருமூச்சு விடுவார், அவ்வளவுதான். மூன்றாம் நாள் ஒரு அமர்வில் 40 என்று கோடு இல்லாமல் போட்டபோது நாங்கள் எழுந்து நின்று கைதட்டினோம். நான் விசிலும் அடித்தேன். அவர் வெட்கப்பட்டு, "போதும், போதும், உக்காருங்க" என்றார்.

நான்காம் நாள் ஜோடிக்கு ஜோடி ஒரு பக்கம் படித்துக் காட்ட வேண்டும். "நீங்க முதல்ல படிங்க சிஸ்டர்" என்று முந்திக்கொண்டேன்.

அவருடைய ஆய்வு காய்ச்சல் அட்டவணை பற்றியது. கட்டிலின் காலடியில் தொங்குமே, அந்த அட்டை. நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை அளந்து கட்டத்தில் எழுத வேண்டும். நாற்பது நோயாளிக்கு இரண்டு நர்ஸ் இருக்கிற இடத்தில் சில கட்டங்கள் அளக்காமலே நிரம்பிவிடும். அளக்காத எண்ணை ஏன் எழுதுகிறார்கள் என்பதுதான் அவர் ஒன்பது வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி.

நான் நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.

படித்து முடித்துவிட்டு, "கேட்டா முதல்ல எல்லாரும் வேலைப் பளுன்னுதான் சொல்வாங்க தம்பி" என்றார். அதுவரை சார் என்றவர் அன்றைக்குத்தான் தம்பி என்றார். "கொஞ்ச நேரம் பேசாம இருந்தா வேற ஒண்ணு சொல்வாங்க. அந்தப் பகுதியை இன்னும் நான் எழுதலை. சரியா வரணும்."

"நீங்க எப்படி சிஸ்டர் இந்த விஷயத்தைப் பிடிச்சீங்க?"

"நானே எழுதியிருக்கேனே. வேலைக்குச் சேர்ந்த ரெண்டாவது வருஷம். ஒரு பெரியவர். அளக்காம தொண்ணூத்தெட்டு புள்ளி ஆறுன்னு போட்டேன்."

"அவருக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலை. நல்லா ஆகி வீட்டுக்குப் போயிட்டார். அதான் இன்னும் உறுத்துது."

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்கலாம். எதிரே நாற்பத்தொரு பேரின் பொய்யைக் கோபப்படாமல் கேட்ட பெண்மணி. ஒரு வாக்கியம் போதும். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ரொம்ப சுவாரசியமான தலைப்பு சிஸ்டர்" என்றேன். அதற்குள் மணியும் அடித்து என்னைக் காப்பாற்றியது. நான் ஒரு பக்கம்கூடப் படிக்கவில்லை என்பதை அவர் சொல்லிக் காட்டவில்லை.

ஐந்தாம் நாள் மத்தியானம் மணி மேடம் என்னைக் கூப்பிட்டார். "ஆயிரம் சார், நீங்கதான் எல்லாரையும் விட முன்னாடி இருக்கீங்க. பலகையில இருக்கிறதையெல்லாம் படிவத்துல ஏத்திக் கொடுங்களேன். கையெழுத்து நான் போட்டுடறேன்."

ஆளுக்கு ஒரு படிவம், அதுதான் முகாம் தரும் சான்றிதழ். அமர்வுக்கு ஒரு வரி என்று இருபத்திரண்டு வரி. கடைசி நாளின் மூன்று அமர்வுக்கும் இடம் விட்டு வைத்து மறுநாள் முடித்தேன். கடைசியில் ஒரே ஒரு மொத்தம்: 'எழுதிய சொற்கள்'. எனக்கு 26,400. கை கூசாமல் ஏற்றினேன். சிஸ்டருடைய படிவத்தில் இருபத்திரண்டில் பத்தொன்பது வரி மைனஸ். மொத்தம் மைனஸ் 2,310.

அந்தக் காகிதத்தைப் பல்கலைக்கழகத்தில் யாரோ கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்ப்பதை நினைத்துப் பார்த்தேன். ஒன்பது வருடம் படித்து இரண்டாயிரம் சொல் கடன் வைத்திருக்கிறாரா என்று சிரிப்பார்கள். நீட்டிப்பு கிடைக்காது. பாவமாக இருந்தது. பெயர் வைத்துக் கேலி செய்ததற்குப் பரிகாரம் செய்வதாகவும் ஒரு நினைப்பு. பத்தொன்பது சின்னக் கோடுகளையும் எடுத்தேன். மொத்தம் 2,570 ஆனது. ஏதோ பெரிய தியாகி மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு டீ குடிக்கப் போனேன். மணி மேடம் பன்னிரண்டு படிவத்திலும் பார்க்காமலே கையெழுத்துப் போட்டு, உறையில் போட்டு ஒட்டிக் கொடுத்துவிட்டார்.

மூன்று வாரம் கழித்து மணி மேடத்திடமிருந்து போன். குரலில் மணியும் இல்லை, மேடமும் இல்லை.

"அந்தப் படிவத்தை யாரு டைப் பண்ணது? நீங்கதானே?"

நடந்தது இதுதான். நீட்டிப்புக் குழு சிஸ்டரைக் கூப்பிட்டு, உறையைப் பிரித்து, "ரெண்டாயிரத்து ஐநூத்தி எழுபது. மெதுவாத்தான் போகுது, பரவாயில்லை, ஒரு வருஷம் தரலாம்" என்று சொல்லியிருக்கிறது. பேசாமல் இருந்திருந்தால் வேலை முடிந்தது. சிஸ்டர் எழுந்து, "சார், அது தப்பு. எனக்கு மைனஸ் ரெண்டாயிரத்து முன்னூத்திப் பத்து" என்றிருக்கிறார். குழுவில் யாருக்கும் முகத்தில் ஈயாடவில்லை. பிறகு ஒருவர், "அப்ப இந்தச் சான்றிதழ் பொய்யா? நீங்க கேட்டு வாங்குனீங்களா? இப்ப பயந்துபோய்ச் சொல்றீங்களா?" என்று கேட்டாராம். தனக்குச் சாதகமான காகிதத்தைத் தப்பு என்று சொன்னவர் மீதே சந்தேகம். முடிவை வியாழக்கிழமைக்குத் தள்ளிவைத்துவிட்டார்கள்.

"கைதவறியிருக்கும் மேடம்" என்றேன் நான். "மைனஸ் விட்டுப்போயிருக்கும்."

"பத்தொன்பது இடத்துலயுமா?"

அவர் போனை வைத்துவிட்டார்.

மறுநாள் மத்தியானம் மருத்துவமனைக்குப் போனேன். இரண்டு பக்கமும் கட்டில்கள், நடுவில் சிஸ்டர். முகாமில் பார்த்த ஆள் இல்லை. வெள்ளை உடுப்பில் ஒரு சாண் உயரமாகத் தெரிந்தார். ஒரு நோயாளியின் வாயிலிருந்து வெப்பமானியை எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, எழுதிவிட்டுத்தான் என்னைப் பார்த்தார்.

"நான்தான் சிஸ்டர்" என்றேன். "அந்தக் கோடெல்லாம் நான்தான் எடுத்தேன்."

"தெரியும். வேற யாரு?"

"உங்களுக்கு நல்லது நடக்கணும்னு..."

"என்னைக் கேட்டீங்களா?"

வார்டு முழுவதும் திரும்பிப் பார்த்தது. அவர் குரலை இறக்கினார், கோபத்தை இறக்கவில்லை. "ஆறு நாள் எதிர்ல உக்காந்திருந்தேன். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. எனக்கு வெட்கமில்லாத நம்பருக்கு நீங்க ஏன் தம்பி வெட்கப்பட்டீங்க?"

பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு எங்களுக்கு மரியாதை செய்தார்.

"இப்ப நான் பொய்ச் சான்றிதழ் கேட்டு வாங்கினவ. அதுவும் நான்! அளக்காம எழுதுறதைப் பத்தி ஒன்பது வருஷமா எழுதுறவ." அடுத்த கட்டிலுக்கு நகர்ந்துகொண்டே சொன்னார். "வியாழக்கிழமை பதினொரு மணி. வந்து சொல்லுங்க. வராம இருந்தீங்கன்னா, இனிமே என்னைப் பாக்க வராதீங்க."

போனேன். காலையிலிருந்து மூன்று தடவை திரும்பிவிடலாமா என்று பார்த்தேன், அதையும் சொல்லித்தானே ஆக வேண்டும். நீள மேஜைக்குப் பின்னால் ஐந்து பேர். ஓரத்தில் மணி மேடம், என் பக்கம் திரும்பவே இல்லை. சிஸ்டர் பேட்டிக் கட்டையும், பச்சை டிக் போட்ட பக்கங்களையும் மடியில் வைத்திருந்தார். நான் எழுந்து, அவர் கேட்கவில்லை, நானாகத்தான் மாற்றினேன், பரிதாபப்பட்டு மாற்றினேன் என்று சொன்னேன். கூனிக்குறுகித்தான் சொன்னேன், ஆனால் சொல்லிவிட்டேன்.

"உங்க படிவத்துல இருக்கிறது சரிதானே?" என்று அந்தச் சந்தேகக்காரர் பேனாவைத் தட்டிக்கொண்டே கேட்டார்.

"சரிதான் சார்" என்றேன்.

பார்த்தீர்களா? ஒரு பொய்யைக் கழுவ வந்த இடத்தில், அதே மேஜைக்கு முன்னால் நின்றுகொண்டு இன்னொரு பொய். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. சிஸ்டர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார், திரும்ப மடியிலிருந்த கட்டுக்குக் குனிந்தார்.

பிறகு அவருடைய பக்கங்களை வாங்கிப் புரட்டினார்கள். ஒரு பேராசிரியர் எந்தப் பேட்டியின் எந்த வரி என்று நான்கைந்து இடத்தில் சோதித்தார். ஒவ்வொன்றும் இருந்தது. ஒரு வருடம் என்று முதலில் சொன்னதை மூன்று மாதமாகக் குறைத்துக் கொடுத்தார்கள். சான்றிதழில் கோளாறு இருந்ததால் அதற்குமேல் தர முடியாதாம். நான் செய்த உதவி அவருக்கு ஒன்பது மாதத்தைத் தின்றுவிட்டது.

வெளியே நடைபாதையில், உத்தரவு அச்சாகி வரும்வரை உட்காருங்கள் என்றார்கள். ஒரே ஒரு பெஞ்சு. நான் நின்றேன்.

"மன்னிச்சிடுங்க சிஸ்டர். மூணு மாசம்..."

"மூணு மாசம் போதும். முடிச்சிடுவேன்." பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தார். "உக்காருங்க தம்பி. எனக்கு ஒரு பேட்டி வேணும். நாற்பத்தி ரெண்டாவது. நர்ஸ் இல்லாத ஒருத்தர்கிட்டயும் கேட்டுப் பாத்துடலாம்னு தோணுது. பேர் போட மாட்டேன். இஷ்டம் இல்லைன்னா வேணாம்."

எதைப் பற்றி என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இல்லை. உட்கார்ந்தேன்.

"முகாம்ல மொத்தம் எத்தனை சொல் எழுதுனீங்க?"

"இருபத்தாறாயிரத்து..." என்று வாய் பழக்கதோஷத்தில் ஆரம்பித்தது. அவர் பேனா காகிதத்துக்கு மேலே நின்றது. எழுதவில்லை. அவசரமும் படுத்தவில்லை. உள்ளே யாரோ அச்சு இயந்திரத்தில் காகிதம் வைக்கும் சத்தம் கேட்டது.

"இருநூத்திப் பன்னெண்டு" என்றேன். "ஒரு பத்தி. ரெண்டாம் நாள்."

எழுதிக்கொண்டார். "மத்ததை ஏன் போட்டீங்க?"

"வேலை அதிகம் சிஸ்டர். காலேஜ்ல வாரத்துக்கு இருபது வகுப்பு. வீட்டுல சின்னக் குழந்தை. தலையில ஒண்ணும் ஓடலை..."

இதையும் எழுதிக்கொண்டார். எழுதி முடித்துவிட்டுப் பேசாமல் இருந்தார். முகாமில் எனக்கு அவரே சொல்லியிருந்த முறைதான், தெரிந்துகொண்டேதான் உட்கார்ந்திருந்தேன். தெரிந்தும் தாங்க முடியவில்லை.

"வெட்கமா இருந்துச்சு சிஸ்டர்" என்றேன். "எல்லாரும் எழுதியிருக்காங்க, நான் மட்டும் எழுதலைன்னு பலகைல போட வெட்கமா இருந்துச்சு."

அவர் அந்தச் சொல்லை எழுதி, கீழே கோடிட்டார். பிறகு நோட்டைப் பின்னால் புரட்டி, ஒரு பக்கத்தில் விரலை வைத்து எண்ணினார்.

"முப்பத்தெட்டு பேர் இதே வார்த்தையைத்தான் சொல்லியிருக்காங்க தம்பி" என்றார்.

நான் முப்பத்தொன்பதாவது.